மீன் தொட்டியை முகர்ந்து பார்த்துத் தண்ணீரின் தரத்தைச் சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நன்னீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாடை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஃபைட்டர் என்று நம் ஊர் வீடுகளில் வழக்கமாக வளர்க்கும் மீன்களை மனதில் வைத்துத்தான் பதில்கள். கடல்நீர்த் தொட்டியை இதில் சேர்க்கவில்லை.

முகர்ந்து பார்த்தே தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாமா?

கெட்டுவிட்டது என்று சில நேரம் சொல்லலாம். நன்றாக இருக்கிறது என்று மட்டும் மூக்கை நம்பிச் சொல்லவே முடியாது.

காரணம் எளிது. எந்தப் பொருள்கள் மீனைக் கொல்லுமோ அவை மீனைத் தாக்கும் அளவு வேறு, நம் மூக்குக்குத் தெரியும் அளவு வேறு. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். காரத்தன்மையுள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் இருந்தால்தான் மனித மூக்குக்கு எட்டும். அதில் நச்சான பகுதி லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மீன் வளர்ப்பில் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பு. பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 உள்ள தண்ணீரில், மூக்குக்கு எட்டும் நேரத்தில் நச்சான பகுதி அந்த வரம்பைப் போல மூன்று, நான்கு மடங்கு ஆகியிருக்கும். குளோரினும் இப்படித்தான். ஹைட்ரஜன் சல்பைடும் இப்படித்தான். அமோனியாவைப் பாக்டீரியாக்கள் மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட் இரண்டுக்கும் வாடையே கிடையாது. செம்பு கலந்த மருந்தை அளவு மீறி ஊற்றியிருந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறாக, மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பி நிற்கும்போது அதில் ஒரே ஒரு கிலோ ஜியோஸ்மின் கலந்தால் போதும், தண்ணீரில் மண் வாடை தெரியும். இந்த அளவில் அது மீனுக்கு ஒன்றும் செய்யாது.

ஆக, மீனுக்குக் கேடானவற்றில் நம் மூக்கு மந்தம். கேடில்லாத ஒன்றில் படு கூர்மை. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் முகர்ந்து பார்ப்பது வீண் வேலையா?

இல்லவே இல்லை. மூக்கு அளவைச் சொல்லாது, ஆனால் இடத்தைச் சொல்லும். கூமுட்டை வாடை வந்தால் தொட்டியின் தரையில் பரப்பிய கிராவலுக்கு (சிறு கற்களுக்கு) அடியிலோ பில்டருக்குள்ளோ பார்க்க வேண்டும். செத்த வாடை வந்தால் மீன்களையும் நத்தைகளையும் எண்ண வேண்டும். கெட்ட எண்ணெய் வாடை வந்தால் தீனி டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் அளவைக் காட்டும், எங்கே போய்த் தேடுவது என்று காட்டாது. எனக்கு இரண்டும் வேண்டும். தினமும் முகர்ந்து பார்க்கக் காசு செலவில்லை, நேரமும் ஆகாது.

நல்ல தொட்டியில் என்ன வாடை வரும்?

மூடியைத் திறந்து முகத்தைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனால் ஈர மண், பச்சை இலை போல லேசான வாசம் வரும். செடி நிறைய உள்ள தொட்டியில் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அறைக்குள் நுழைந்ததுமே, தொட்டிக்கு இரண்டு மூன்று அடி தள்ளி நிற்கும்போதே ஏதாவது வாடை வந்தால் அது சரியில்லை.

சரியாக முகர்வது எப்படி?

தொட்டி இருக்கும் அறையிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு அதன் வாடை தெரியாது. மூக்கு பழகிவிடும். வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் அந்த முதல் மூச்சுதான் நம்பத்தக்கது. வீட்டுக்கு வரும் விருந்தாளி "என்னம்மா, ஏதோ வாடை வருதே" என்று சொன்னால் கோபப்படாமல் தொட்டியைப் பாருங்கள்.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால், சோப்பு வாடை இல்லாத ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு தொட்டித் தண்ணீரை எடுத்து மூடி, நன்றாகக் குலுக்கி, திறந்த உடனே முகருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் வாடைப் பொருள்கள் பாட்டிலின் மேல் பாதியில் உள்ள காற்றுக்கு வந்து சேர்ந்திருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்திவிட்டு முகர்ந்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலில் நீங்கள் தொட்டிக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். வாடை தொட்டியில் பிறந்ததா, வரும் தண்ணீரிலேயே இருந்ததா என்பது அங்கேயே தெரிந்துபோகும். கையில் வெங்காயம், ஊதுவத்தி, சானிடைசர் வாடை இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். சளி பிடித்திருந்தாலும் வேண்டாம்.

தொட்டியில் பலமான மண் வாடை, சேற்று வாடை வருகிறது. மீனுக்கு ஆபத்தா?

அந்த வாடையால் ஆபத்தில்லை. ஜியோஸ்மினும் அதன் கூட்டாளியான எம்ஐபி என்ற பொருளும்தான் காரணம். ஆக்டினோமைசீட்ஸ் எனும் பாக்டீரியாக்களும் சிலவகை நீலப்பச்சைப் பாசிகளும் இவற்றை உண்டாக்குகின்றன. குளத்து மீன் குழம்பில் சில நேரம் சேற்று வாடை அடிக்குமே, அதுவும் இதனால்தான். மீனின் கொழுப்பில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் பண்ணைகளில் அறுவடைக்குப் பிறகு சில நாள் மீனைத் தெளிந்த தண்ணீரில் விட்டு வைக்கிறார்கள்.

ஆனால் வாடை திடீரென்று கூடியிருந்தால் பாசி பெருகியிருக்கிறதா என்று பாருங்கள். பில்டர் ஸ்பாஞ்சில் சேறு அடைத்திருக்கலாம். அடியில் மக்கிய இலைகள் குவிந்திருக்கலாம். அவற்றை அகற்றினால் வாடை தானே இறங்கும்.

கிராவல் மேல், கண்ணாடி மேல் கரும்பச்சை ஆடை போலப் படர்ந்திருக்கிறது. பூஞ்சை பிடித்த துணி போல வாடை.

அது நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. விரலால் தொட்டால் வழுவழுப்பான தாள் போல மொத்தமாக உரிந்து வரும். மற்றப் பாசிகள் அப்படி வராது. இந்த வாடையும் ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையிலும், தீனி அதிகம் விழும் இடத்திலும் முதலில் வரும்.

உரிந்து வரும்போதே சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அப்புறம் விளக்கை அணைத்து, தொட்டியைக் கனமான துணியால் மூன்று நாள் மூடி வையுங்கள். ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஏனென்றால் செத்துப்போகும் பாசி ஆக்சிஜனைத் தின்னும். திறந்ததும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். இதற்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நமக்குத் தேவையான பில்டர் பாக்டீரியாவையும் அது தாக்கலாம், அந்தத் தண்ணீர் சாக்கடையில்தான் போய்ச் சேரும்.

கிராவலைக் கிளறினால் கூமுட்டை வாடை. என்ன செய்வது?

இந்த ஒரு வாடையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆக்சிஜன் போகாத இடத்தில் கழிவும் மிச்சத் தீனியும் அடைந்து கிடந்தால், சல்பேட்டை வைத்து வாழும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். காற்றில் மிகக் குறைந்த அளவிலேயே இது நமக்குத் தெரிந்துவிடும். தண்ணீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவில் வாடை தெரிய ஆரம்பிக்கும். மீனுக்கு நீண்ட நாள் பாதுகாப்பான அளவென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருப்பது 0.002 மில்லிகிராம்தான். அமோனியாவுக்கு நேர்மாறாக, அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் இதன் நச்சு கூடும்.

கிளறும்போது ஓரிரு குமிழி மேலே வந்து லேசாக வாடை அடித்தால் பதற வேண்டாம். ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரைத் தொட்டதும் அந்த வாயு விரைவில் மாறிப்போகும். ஆனால் கிராவலின் கண்ணாடிப் பக்கம் கருப்புப் பட்டைகள் தெரிந்து, குச்சியால் குத்திய இடத்திலெல்லாம் குமிழி வந்தால், ஒரே நாளில் முழுவதையும் கிளறிவிடாதீர்கள். பெரும் தவறு அங்கேதான் நடக்கிறது. அடைந்து கிடந்ததெல்லாம் ஒரே வேளையில் தண்ணீரில் கலந்து, காலையில் மீன்கள் மேலே மிதக்கும். தொட்டியின் தரையை நான்கைந்து பகுதியாக மனதில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் ஒரு பகுதியை மட்டும் சைஃபனால் ஆழமாக உறிஞ்சுங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். நிலைமை ரொம்ப மோசமென்றால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு மொத்தமாகச் சுத்தம் செய்யலாம்.

மீண்டும் வராமல் இருக்க, செடி இல்லாத தொட்டியில் மணலை ஓர் அங்குலத்துக்கு மேல் போட வேண்டியதில்லை. மணலுக்குள் புகுந்து கிளறும் மலேசியக் கூம்பு நத்தைகளும் நல்ல உதவி. பலர் அவற்றைத் தொல்லை என்று பிடித்து எறிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மின்தடைக்குப் பிறகு பில்டரைப் போட்டதும் சாக்கடை நாற்றம் வந்தது.

தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் பில்டரில் தண்ணீர் ஓடாமல் நின்றால், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் மிச்சமிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அந்த அழுகிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும்.

எனவே பாதி நாள், ஒரு நாள் என்று மின்தடை நீடித்தால் முதலில் பில்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வந்த பின் பில்டரைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவை, அதாவது பாக்டீரியாக்கள் குடியிருக்கும் ஸ்பாஞ்ச், கற்கள் போன்றவற்றை, தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். குழாயடியில் வைத்து அலச வேண்டாம், குளோரின் மிச்சமுள்ள பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அடுத்த சில நாள் தீனியைக் குறைத்து அமோனியா பாருங்கள். ஸ்பாஞ்ச் பில்டர் தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் அதில் இந்த ஆபத்து குறைவு. புயல் காலத்தில் கரண்ட் போகும் ஊர்களில் இருப்பவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

மூக்கில் சுருக்கென்று ஏறும் வாடை, கழிவறை வாடை போல.

அமோனியாவாக இருக்கலாம். முன்பே சொன்னபடி, மூக்குக்கு எட்டும் அளவு என்றால் நிலைமை முற்றிவிட்டது. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். நச்சான வடிவம் பிஎச் ஏற ஏறக் கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். 9 என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். வெப்பம் கூடினாலும் இந்தப் பங்கு கூடும். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், போர் தண்ணீரும் பல இடங்களில் காரமாகத்தான் இருக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து நமக்கு எதிராக வேலை செய்கின்றன.

உடனே பாதித் தண்ணீரை, குளோரின் நீக்கிய, அதே சூட்டிலுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். தீனியை நிறுத்துங்கள். பில்டர் ஓடுகிறதா, செத்த மீன் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். மறுநாள் மீண்டும் அளந்து, தேவையென்றால் மீண்டும் மாற்றுங்கள். புதிதாக வைத்த தொட்டியில் இது வந்தால் காரணம் தெளிவு: அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் மீன்களை நிரப்பிவிட்டார்கள்.

செத்த வாடை வருகிறது, ஆனால் எல்லா மீனும் இருக்கிறது.

நத்தையைப் பாருங்கள். ஒரு ஆப்பிள் நத்தை செத்தால் வரும் நாற்றத்துக்கு ஈடாக நன்னீர்த் தொட்டியில் வேறு எதுவும் கிடையாது. சந்தேகப்படும் நத்தையைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து முகர்ந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். மீன்களையும் ஊகத்தில் விடாமல் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். சக்கர் மீன் மரக்கட்டைக்குள்ளும், சிறு மீன் பில்டரின் பின்னாலும் செத்துக் கிடக்கும். மூடியில்லாத தொட்டியென்றால் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையிலும் தேடுங்கள். குதித்து விழுந்து காய்ந்த மீனின் கவிச்சியைத் தொட்டியின் வாடை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வரவில்லை. அப்படியே ஊற்றலாமா?

கூடாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி, கிருமி நீக்கிய தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கூர்மையான மூக்குள்ளவர்களுக்குத்தான் 0.3 மில்லிகிராம் அளவில் வாடை தெரியும். மீனுக்கோ 0.02 மில்லிகிராமே தீங்கு. இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள்! வாடை வந்தாலும் வராவிட்டாலும் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்தை, அதாவது சோடியம் தயோசல்பேட்டை, அளவு பார்த்துக் கலந்த பிறகே ஊற்றுங்கள். அகலமான பக்கெட்டில் மூடாமல், ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தாலும் சாதாரண குளோரின் போய்விடும். மூடி போட்ட டிரம்மில் போகாது. குளோரமின் கலந்த தண்ணீரென்றால் வைத்திருந்தாலும் போகாது. அடுக்குமாடியில் சம்ப் கழுவி பிளீச்சிங் போட்ட வாரத்தில் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

போர் தண்ணீரே கூமுட்டை வாடை அடிக்கிறது.

நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உண்டான அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் காற்றேற்றினால் பெரும்பாலும் போய்விடும். துரு வாடையும், வைத்திருந்தால் மஞ்சளாக மாறுவதும் இரும்பின் அடையாளம். காற்றேற்றித் தெளியவைத்து, அடி மண்டியை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

எந்த வாடையும் இல்லை, தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, ஆனாலும் மீன் சாகிறது. எப்படி?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதல் சந்தேகம் நைட்ரைட். தொட்டி வைத்து இரண்டு, மூன்று வாரமாகியிருந்தால் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும் காலம் அது. இது மீனின் இரத்தத்தில் புகுந்து ஆக்சிஜன் ஏற்றிச் செல்லும் திறனைக் கெடுக்கும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். தண்ணீரை மாற்றுவதோடு கொஞ்சம் கல் உப்பையும் கரைத்து விட்டால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். செடிகளும், உப்பு ஒவ்வாத மீன்களும் உள்ள தொட்டியில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

இரவில் ஆக்சிஜன் குறைவதும் வாடை இல்லாத கொலைகாரன்தான். விடியற்காலையில் எழுந்து பாருங்கள்; எல்லா மீனும் மேற்பரப்பில் நின்றால் அதுதான். இதையெல்லாம் பார்க்க அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் அளக்கும் சொட்டு வகை டெஸ்ட் கிட் ஒன்று அவசியம். அலங்காரப் பொம்மைக்குச் செலவிடும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

கார்பன் போட்டால் வாடை போய்விடுமா?

போகும். அதுதான் கவலை. ஆக்டிவேட்டட் கார்பன் வாடையையும் நிறத்தையும் நன்றாக உறிஞ்சும், ஆனால் அமோனியாவைக் குறிப்பிடும்படி எடுக்காது. காரணம் உள்ளேயே இருக்க, நமக்கு இருந்த ஒரே இலவச எச்சரிக்கையை அணைத்துவிடுகிறோம். மருந்து போட்ட பிறகு அதை நீக்க, மரக்கட்டையின் டீ நிறத்தைக் குறைக்க கார்பன் நல்லது. நாற்றத்தை மூட வேண்டாம்.

கொசுவத்தி, பெயிண்ட் வாடை தொட்டியைப் பாதிக்குமா?

ஏர் பம்ப் அறையிலுள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. கொசுவத்தியிலும் திரவக் கொசு விரட்டியிலும் உள்ள பைரெத்ராய்டு வகைப் பொருள்கள் மீனுக்குக் கடும் நச்சு. தொட்டி உள்ள அறையில் அவற்றை வைக்காதீர்கள், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்கும் நாளில் பம்பின் காற்று வேறு அறையிலிருந்து வரும்படி குழாயை நீட்டி வையுங்கள். புதிதாக ஒட்டிய தொட்டியில் வினிகர் போலப் புளித்த வாடை வந்தால் சிலிக்கான் இன்னும் காயவில்லை. வாடை முழுக்கப் போன பிறகு கழுவித் தண்ணீர் நிரப்புங்கள்.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் மீன் வாங்கி வந்தோம். கவரைத் திறந்ததும் வாடை வந்தது.

அடைத்த கவருக்குள் மீன் வெளியிடும் கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சைக் குறைத்து வைத்திருக்கும், அதனால் அமோனியா சேர்ந்திருந்தாலும் நச்சு குறைவாக இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியா நச்சாக மாறும். எனவே நெடுநேரப் பயணம் செய்து வந்த கவரைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை வலையில் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

தீனி டப்பாவிலேயே வாடை வருகிறது, போடலாமா?

புதுத் தீனியிலும் கருவாட்டு வாடை இருக்கும், அது இயல்பு. பழைய எண்ணெய் போலக் கசந்த வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது. பூஞ்சை வாடை வந்தால் ஈரம் ஏறிவிட்டது. இரண்டையும் தூக்கிப் போடுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பெரிய டப்பா வாங்குவது லாபமில்லை. சின்ன டப்பாவாக வாங்கி, இறுக மூடி, தொட்டியின் மூடிமேல் வைக்காமல் காய்ந்த அலமாரியில் வையுங்கள்.